அம்பில் சாகாத செபஸ்தியார்

படங்களிலும் சுரூபங்களிலும் மரத்தில் கட்டப்பட்டு உடலெங்கும் அம்பு தைத்தபடி நிற்கும் புனித செபஸ்தியார், உண்மையில் அந்த அம்புகளால் சாகவில்லை என்று ஒரு மறையுரையில் கேட்டதாகச் சொல்லி, அப்படியானால் அவர் எப்படி இறந்தார், அவர் வரலாற்றில் வாழ்ந்தவர்தானா, கொள்ளைநோய்க் காலத்தில் அவரை ஏன் மன்றாடுகிறார்கள் என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். மறையுரையில் சொன்னது சரி. வழிவழியாகச் சொல்லப்படும் கதையின்படியே அவர் அம்புக்குத் தப்பிப் பிழைத்து, பின்னர் தடியடியால் உயிர்விட்டவர். ஆனால் மூன்று கேள்விகளுக்கும் ஒரே வகையான சான்றிலிருந்து பதில் சொல்ல முடியாது. உறுதியான வரலாறு, பிற்காலத்தார் எழுதிய கதை, அதற்கும் பின்னால் வளர்ந்த வணக்கம் ஆகிய மூன்றையும் பிரித்துக்கொண்டால்தான் குழப்பம் தீரும்.

முதலில் உறுதியானவற்றைப் பார்ப்போம். ரோமில் 354-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி நூலில், எந்த மறைசாட்சியின் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவரின்) நினைவை எந்த நாளில் எந்தக் கல்லறையில் கொண்டாட வேண்டும் என்னும் சிறு பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் சனவரி 20-க்கு இரண்டு பெயர்கள் உள்ளன: கலிஸ்து கல்லறைத் தோட்டத்தில் ஃபாபியன், அப்பியா பெருவழியை ஒட்டிய கத்தகும்பாஸ் என்னும் இடத்தில் செபஸ்தியார். ஃபாபியன் 250-இல் பேரரசர் தேசியுஸ் காலத்தில் இறந்த திருத்தந்தை. அவரைப் பற்றி வேறு சான்றுகளும் உண்டு. செபஸ்தியாருக்கு அங்கே கிடைப்பது பெயர், நாள், இடம் ஆகிய மூன்று மட்டுமே. இது சிறியதாகத் தோன்றினாலும், என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட எடை மிகுந்த சான்று இதுதான். ஆண்டுதோறும் மக்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட கல்லறைக்குப் போய்த் திருப்பலி கண்டுகொண்டிருந்தார்கள் என்பதற்கான பதிவு அது. அப்படிப்பட்ட வழக்கம் கற்பனையான ஒருவரைச் சுற்றி அவ்வளவு சீக்கிரத்தில் வேர்விடுவது அரிது.

அடுத்த சான்று மிலான் நகர ஆயராயிருந்து 397-இல் மறைந்த புனித அம்புரோசியாருடையது. திருப்பாடல்களிலேயே மிக நீளமான, இன்று நாம் 119 என்று எண்ணுகிற திருப்பாடலுக்கு அவர் எழுதிய விளக்கவுரையில், அன்று செபஸ்தியாரின் விண்ணகப் பிறந்தநாள், அதாவது அவர் உயிர்விட்ட நாள், என்று குறிப்பிட்டு, அவர் மிலானைச் சேர்ந்தவர் என்கிறார். அந்தக் காலத்தில் மிலானில் துன்புறுத்தல் இன்னும் தொடங்கியிருக்காது, அல்லது தணிந்திருக்கும். அங்கே போராட்டமே இல்லை அல்லது சூடு குறைந்திருக்கிறது என்று கண்ட செபஸ்தியார், விசுவாசத்துக்காகக் கடுந்துன்பம் நடந்துகொண்டிருந்த ரோமுக்குப் போனார், அங்கேயே பாடுபட்டார், அங்கேயே முடிசூட்டப்பட்டார் என்பது அம்புரோசியார் சொல்வதன் சாரம். அவர் போர்வீரர் என்றோ, அம்பு எய்யப்பட்டார் என்றோ, எந்தப் பேரரசர் காலம் என்றோ இதில் ஒரு சொல்கூட இல்லை. எனினும் ஒரு குணம் தெரிகிறது: ஆபத்து இல்லாத ஊரை விட்டு ஆபத்து இருக்கும் ஊரைத் தேடிப் போனவர். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நமக்குத் தெரிந்த கதை முழுவதும் ஐந்தாம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதப்பட்ட 'செபஸ்தியாரின் பாடுகள்' என்னும் நெடிய ஏட்டிலிருந்து வருகிறது. இதை அம்புரோசியாரே எழுதினார் என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். இன்றைய ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. இளைய அர்னோபியுஸ் என்னும் துறவியை ஆசிரியராகக் கருதுவோர் உண்டு. எப்படியானாலும் நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது.

அந்த ஏட்டின்படி செபஸ்தியார் கோல் நாட்டின் (இன்றைய பிரான்சின்) நார்போனில் பிறந்து மிலானில் வளர்ந்தவர். பேரரசர்கள் தியோக்ளேசியன், மாக்சிமியன் இருவரின் நம்பிக்கைக்கும் உரிய படைத்தலைவர். படைத்தொழிலில் அவருக்கு ஆசை இல்லை. சிறைப்பட்ட கிறிஸ்தவர்களுக்குத் தைரியம் சொல்ல அந்த உடை உதவும் என்பதற்காகவே தம் விசுவாசத்தை மறைத்துக்கொண்டு பணியில் இருந்தாராம். மாற்கு, மார்செல்லியன் என்னும் இரட்டையர் மரணதண்டனை பெற்று, மனம் மாற 30 நாள் தவணை தரப்பட்டு, நிக்கோஸ்திராத்து என்னும் அதிகாரியின் வீட்டில் காவலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். வயதான தாய் தலைவிரி கோலமாக வந்து அழுகிறாள். நடக்க முடியாத தந்தையை வேலைக்காரர்கள் தாங்கி வருகிறார்கள். மனைவியர் குழந்தைகளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறார்கள். இரட்டையர் தளரத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் அதுவரை ஒளிந்து பணிசெய்த செபஸ்தியார் வாய் திறக்கிறார். அவருடைய நீண்ட உரையைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நிக்கோஸ்திராத்தின் மனைவி சோயே. நோயால் ஆறு ஆண்டுகளாகப் பேச்சிழந்தவள். அவர் அவள் வாயின்மேல் சிலுவை அடையாளம் வரைய, அவள் பேசுகிறாள். வீடு முழுவதும் மனம் மாறுகிறது.

தொடர்ந்து வரும் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது நகர ஆளுநர் குரோமாசியுசின் கதை. இரட்டையரின் தந்தைக்குத் திருமுழுக்கின்போது கீல்வாதம் நீங்கியதைக் கேள்விப்பட்டு, அதே நோயால் வாடிய ஆளுநர் தமக்கும் குணம் வேண்டும் என்கிறார். வீட்டிலுள்ள சிலைகளையெல்லாம் உடைத்தால்தான் ஆகும் என்கிறார் செபஸ்தியார். இருநூறுக்கும் மேற்பட்ட சிலைகள் உடைக்கப்படுகின்றன, வலி போகவில்லை. எதையோ ஒளித்து வைத்திருக்கிறீர் என்று கேட்க, விண்மீன்களின் போக்கைக் கணித்து எதிர்காலம் சொல்வதற்காகப் பளிங்கும் கண்ணாடியும் இழைத்த ஓர் அறை இருப்பதை ஆளுநர் ஒப்புக்கொள்கிறார். அது தம் தந்தை பெரும்பொருள் செலவிட்டுச் செய்தது என்பதால் உடைக்க மனம் வரவில்லை. அதுவும் உடைக்கப்பட்ட பிறகே நோய் நீங்குகிறது. சிலைகளைத் துறந்தவர்கள்கூட சோதிடத்தை விட முடியாமல் தவித்த ஐந்தாம் நூற்றாண்டு ரோமக் கிறிஸ்தவர்களை மனத்தில் வைத்தே ஆசிரியர் இதை எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

செபஸ்தியார் காட்டிக்கொடுக்கப்பட்டபோது, என் அரண்மனையில் முதல்வரிசையில் வைத்திருந்தேனே, எனக்கெதிராக இதுநாள்வரை மறைந்து நடந்தாயே என்று பேரரசர் சினக்கிறார். உமது நலனுக்காகவும் பேரரசின் நிலைபேற்றுக்காகவுமே கிறிஸ்துவை வேண்டிவந்தேன் என்பது இவர் பதில். திடலின் நடுவே கட்டி வைத்து வில்லாளிகள் எய்கிறார்கள். முள்ளெலிபோல் உடலெங்கும் அம்புகள் குத்திட்டு நின்றன என்பது ஏட்டின் சொல். செத்துவிட்டார் என்று எண்ணிப் போய்விடுகிறார்கள். அரண்மனைப் பணியாளராயிருந்து மறைசாட்சியாக இறந்த கஸ்துலுசின் கைம்பெண் இரேனே, அடக்கம் செய்வதற்காக இரவில் வந்து பார்க்கும்போது உயிர் இருக்கிறது. தம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயங்களை ஆற்றுகிறார். அந்த வீடு இருந்தது அரண்மனை வளாகத்துக்குள்ளேயே என்பது கதையின் துணிச்சலான இடம்.

உடல் தேறியதும், ஊரை விட்டுப் போய்விடும்படி கிறிஸ்தவர்கள் கெஞ்சுகிறார்கள். செபஸ்தியார் செபித்துவிட்டு, பலத்தீன் குன்றில் எலகாபாலுஸ் கோவிலின் படிக்கட்டில் ஏறி நின்று, கடந்துபோகும் பேரரசரை மறித்து, கிறிஸ்தவர்கள் நாட்டுக்குப் பகைவர் என்று உம்முடைய பூசாரிகள் சொல்வது பொய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். கொல்லச் சொன்னேனே, அந்தச் செபஸ்தியானா நீ என்று பேரரசர் திகைக்கிறார். இந்த முறை அரண்மனைக் குதிரைப் பந்தயத் திடலில், சாகும்வரை தடியால் அடிக்கச் சொல்லி ஆணை. கிறிஸ்தவர்கள் உடலை எடுத்து மறைசாட்சியாகக் கொண்டாடிவிடக் கூடாது என்று இரவோடு இரவாக நகரின் பெருஞ்சாக்கடையில் எறிகிறார்கள். லுசீனா என்னும் பெண்ணின் கனவில் செபஸ்தியார் தோன்றி, தம் உடல் ஒரு கொக்கியில் சிக்கித் தொங்குகிறது என்று சொல்ல, அவர் அதை மீட்டுக் கத்தகும்பாசில் அடக்கம் செய்கிறார். ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: கதைப்படி மரணம் தடியால் வந்தது. கடமை தவறிய வீரர்களைத் தடியால் அடித்துக் கொல்வது ரோமப் படையில் பழைய தண்டனை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதை எந்த அளவுக்கு நம்பலாம்? அடக்க இடமும் நாளும் பழைய பட்டியலோடு பொருந்துகின்றன. காலக்கணக்குதான் இடறுகிறது. மரபு அவருடைய மறைவை ஏறக்குறைய 288 என்கிறது. ஆனால் தியோக்ளேசியனின் பெருந்துன்புறுத்தல் தொடங்கியது 303-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தார்கள். மேலும் தியோக்ளேசியன் கீழைப் பகுதிகளிலிருந்து ஆண்டவர். ரோமில் அவர் தங்கிய நாள்கள் மிகக் குறைவு. எனவே பலத்தீன் படிக்கட்டில் 288-இல் அவரை மறித்துப் பேசினார் என்பதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. வெவ்வேறு கல்லறைகளில் தனித்தனியே வணங்கப்பட்ட பல மறைசாட்சிகளை ஒரே கதைக்குள் உறவினராகவும் நண்பராகவும் இணைத்துவிடுவது அந்தக் காலத்து ரோம ஆசிரியர்களின் வழக்கம். இங்கும் அது நடந்திருக்கிறது.

ஆயினும் கதையை ஒதுக்கிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அம்புரோசியார் சொன்ன அந்த ஒரே குணம், அதாவது ஆபத்தை நோக்கித் தாமே நடந்துபோனது, அம்புக்குத் தப்பிய பின் படிக்கட்டில் ஏறி நின்ற காட்சியில் மறுபடியும் வருகிறது. இது தொடக்கத் திருச்சபைக்கு எளிதில் செரித்த செயல் அல்ல. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகர ஆயர் பொலிகார்ப்பின் மறைசாட்சியத்தை விவரிக்கும் மடல், தானாக முன்வந்து நின்ற குவிந்துஸ் என்பவன் காட்டு விலங்குகளைக் கண்டதும் அஞ்சி ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்திவிட்டதைச் சொல்லி, தங்களைத் தாங்களே ஒப்புக்கொடுப்போரை நாங்கள் பாராட்டுவதில்லை, நற்செய்தி அப்படிப் போதிக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதுகிறது. பொலிகார்ப்பே முதலில் ஊருக்கு வெளியே பண்ணை வீடுகளில் மறைந்திருந்தவர்தான். இந்த நெறிக்கு எதிராகப் போகிறோம் என்பது செபஸ்தியாரின் கதையை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவர் பேச வந்தது தம் உயிரைக் கொடுப்பதற்காக அல்ல, பிறர்மேல் சுமத்தப்பட்ட பொய்க் குற்றத்தை மறுப்பதற்காக என்று காட்டுகிறார். முன்னதாகவே திருத்தந்தை காயுஸ் அவருக்குத் 'திருச்சபையின் காவலர்' என்னும் பெயரையும் கொடுத்து, ரோமில் தங்க அனுமதித்ததாகவும் எழுதிவைக்கிறார்.

வணக்கத்துக்கு வருவோம். கல்லறைக்கு மேல் நான்காம் நூற்றாண்டில் எழுந்த பெருங்கோவில் முதலில் திருத்தூதர்களின் பெயரால் வழங்கியது. பேதுரு, பவுல் இருவரின் நினைவும் அந்த இடத்தோடு சேர்ந்திருந்தது. காலப்போக்கில் அது செபஸ்தியாரின் கோவிலாகவே அறியப்பட்டது. இன்று காணும் கட்டடம் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்தினால் ஷிப்பியோனே போர்கேசே புதுப்பித்துக் கட்டியது. ரோமில் திருப்பயணிகள் சுற்றிவரும் ஏழு கோவில்களில் ஒன்றாக அது நெடுங்காலம் இருந்தது. பழைய உருவங்களில் அம்பு கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இத்தாலியின் ராவென்னாவில் ஆறாம் நூற்றாண்டுப் பளிங்குத் துண்டு ஓவியத்தில் அவர் மற்ற மறைசாட்சிகளோடு வெண்ணாடையில் முடியேந்தி வரிசையில் நடக்கிறார். ரோமில் சங்கிலிகளின் பேதுரு கோவிலிலுள்ள ஏழாம் நூற்றாண்டு உருவத்தில் நரைத்த தாடியோடு, அரசவை உடை உடுத்த முதியவராக நிற்கிறார்.

கொள்ளைநோயோடு அவரை இணைக்கும் முதல் செய்தி 680-ஆம் ஆண்டைப் பற்றியது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வட இத்தாலியை ஆண்ட லொம்பார்தியரின் வரலாற்றை எழுதிய திருத்தொண்டர் பவுல் இதைச் சொல்கிறார். ரோமிலும் பவியா நகரிலும் கோடையில் பெருநோய் பரவியது. பவியாவில் மக்கள் மலைகளுக்கு ஓடிவிட, சந்தையிலும் தெருக்களிலும் புல் முளைத்தது. இரவில் ஒரு நல்ல வானதூதரும் ஒரு தீய தூதனும் ஊருக்குள் நடந்து வருவதைப் பலர் கண்டார்களாம். நல்லவர் ஆணையிட, தீயவன் கையிலிருந்த வேட்டை ஈட்டியால் ஒரு வீட்டுக் கதவை எத்தனை முறை தட்டுகிறானோ, மறுநாள் அந்த வீட்டில் அத்தனை பேர் இறப்பார்கள். அங்குள்ள சங்கிலிகளின் பேதுரு கோவிலில் செபஸ்தியாருக்குப் பீடம் அமைக்கும்வரை நோய் நிற்காது என்று ஒருவருக்கு வெளிப்பாடு கிடைத்தது. ரோமிலிருந்து அவருடைய திருப்பண்டம் (உடலின் எச்சம்) கொண்டுவரப்பட்டு, பீடம் எழுந்தது, நோய் நின்றது. செபஸ்தியாரை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்குப் பவுல் காரணம் எதுவும் தரவில்லை.

அம்புதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் தொலைவிலிருந்து வந்து, பக்கத்தில் நிற்பவனை விட்டுவிட்டு இவனைக் கொல்லும் நோயை அம்பாக எண்ணுவது மிகப் பழைய வழக்கம். ஹோமரின் இலியதில் அப்பொல்லோ கிரேக்கர் பாசறைமேல் எய்யும் அம்புகள் கொள்ளைநோய்தான். பகலில் பாயும் அம்பையும் இருளில் உலவும் கொள்ளைநோயையும் 91-ஆம் திருப்பாடல் அடுத்தடுத்தே சொல்கிறது. அம்பு தைத்தும் சாகாத ஒருவர் அந்த நோய்க்கு எதிரான துணையாகத் தோன்றியது இயல்பு. ஆனால் இந்த இணைப்பு ஐரோப்பா முழுவதும் வேரூன்றியது 1348-இன் கரும்பெருநோய்க்குப் பிறகுதான். அம்புகளோடு கூடிய உருவம் பெருகியதும் அப்போதுதான்.

அந்த மனநிலையை ஒரே சுவரில் காண வேண்டுமென்றால் இத்தாலியில் தஸ்கனியின் சான் ஜிமிஞானோ ஊரில், புனித அகுஸ்தீனார் கோவிலுக்குப் போக வேண்டும். 1464-இல் அங்கே நோய் பரவியபோது பெனோட்சோ கோட்சோலி வரைந்த சுவரோவியத்தில் செபஸ்தியார் ஆடை முழுவதும் அணிந்து, கைகுவித்து, ஒரு மேடைமேல் நிற்கிறார். மேலே தந்தையாம் கடவுளும் வானதூதர்களும் அம்புகளை எய்கிறார்கள். விரிந்த மேலாடையில் பட்டு அவை முறிந்து விழ, கீழே ஊர்மக்கள் ஆணும் பெண்ணுமாக முழந்தாளிட்டிருக்கிறார்கள். அம்பு எய்பவர் பேரரசனின் வில்லாளி அல்ல, கடவுள் என்பதைக் கவனிக்க வேண்டும். நோயைத் தண்டனையாகக் கண்ட காலத்தின் இறையியல் அது. இன்றைய திருச்சபை பொதுவாக அப்படிப் போதிப்பதில்லை.

ஓவியங்களில் முதியவரான செபஸ்தியார் இளைஞராக மாறியதும் இதே காலத்தில்தான். மாந்தேஞ்ஞா, அந்தோனெல்லோ தா மெசினா போன்ற இத்தாலிய ஓவியர்கள் மனித உடலை வரைவதற்கு ஏற்ற பொருளாக அவரைக் கண்டார்கள். ஃபிரா பர்த்தலோமேயோ வரைந்த செபஸ்தியார் படம் கோவிலில் பெண்களின் பக்தியைக் குலைத்தது என்று ஒப்புரவு கேட்ட துறவியர் அறிந்து அதை அகற்றினார்கள் என்று ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி எழுதிவைத்திருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் அம்பைப் பிடுங்கிக் காயம் ஆற்றும் இரேனே மையத்துக்கு வருகிறார். எனக்கு இந்தப் படங்கள்தான் கதைக்கு நெருக்கமானவை என்று தோன்றும்.

திருப்பண்டங்களைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. 826-இல் ஒரு பகுதி பிரான்சின் சுவாசோனுக்குப் போனது. அவருடைய தலை ரோமில் நால்வர் கோவிலில் இருப்பதாகவும் சொல்கிறார்கள், பவேரியாவின் எபர்ஸ்பெர்கில் இருப்பதாகவும் சொல்கிறார்கள். எபர்ஸ்பெர்கில் வெள்ளியில் பொதிந்த மண்டையோட்டில் திராட்சை இரசம் வார்த்துத் திருப்பயணிகளுக்குக் குடிக்கக் கொடுத்த வழக்கம்கூட இருந்தது. இரண்டு தலைகளும் ஒருவருடையதாக இருக்க முடியாது.

நம் பக்கத்துக்கு அவரைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். 1554 சனவரி 20 அன்று பிறந்த அவர்களுடைய அரசன் செபஸ்தியான் என்றே பெயர் பெற்றான். 1565-இல் பிரேசிலில் அவர்கள் நிறுவிய ரியோ தெ ஜனைரோ நகருக்கும் முதலில் புனிதரின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். பேதியும் அம்மையும் ஊரை வாரிக்கொண்டு போன காலங்களில் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் அந்தோணியார், சவேரியாரோடு செபஸ்தியாருக்கும் குருசடிகள் எழுந்தன. மன்னார் மறைமாவட்டப் பேராலயம் அவர் பெயரில் உள்ளது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா அன்று குண்டுவெடிப்பில் பலர் உயிரிழந்த நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியக் கோவிலும் அவருடையதே. கேரளத்தில் ஆலப்புழைக் கடலோர அர்த்துங்கலில் அவருடைய சுரூபத்தைக் காணச் சபரிமலை சென்று திரும்பும் ஐயப்ப பக்தர்களும் வருகிறார்கள்.

திருநாளைப் பொறுத்தவரை, உலகக் கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாட்காட்டியில் அது இன்றும் சனவரி 20தான், ஃபாபியனுக்கும் அதே நாள்தான். கிரேக்க (பைசாந்திய) மரபுத் திருச்சபைகள் டிசம்பர் 18-இல் கொண்டாடுகின்றன. கேரளத்தில் அம்பை வீடுவீடாக எடுத்துச் செல்லும் அம்பு பெருநாள் ஒவ்வொரு பங்கிலும் வெவ்வேறு நாளில் நடக்கிறது. தமிழ்நாட்டிலும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் வேறு மாதங்களில் நடக்கும் ஊர்கள் உண்டு. அது ஊர்ப் பங்கின் வசதிக்கேற்ப அமைந்த ஏற்பாடு. புனிதரின் வரலாற்றில் அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.